மாலைதீவுக் கணக்கு

2025 யூலை 12, சனி

காலைச் சாப்பாட்டு நேரம் முடிந்து, அப்பச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனைப் பார்த்தால் மாலைதீவிலிருந்து பதில். ஹோட்டலில் கொமி வேலை, அதாவது செஃப்புக்குக் கீழே கடைநிலைச் சமையல்காரர்; ஆசியச் சாப்பாட்டுப் பகுதி. அடிப்படை 350 டொலர், சேர்விஸ் சார்ஜ் தனி, சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. டொலர் இப்போது 300 ரூபாவுக்குக் கிட்ட நிற்கிறது. அடிப்படை மட்டுமே ஒரு லட்சத்தைத் தாண்டும். இங்கே பாசிக்குடா ஹோட்டலில் எனக்கு 42,000 ரூபா.

பெரிய செஃப்பிடம் காட்டினேன். "போடா, யோசிக்காத" என்றார். அவர் இரண்டு தரம் போய் வந்தவர். இப்போது ஏன் இங்கே நிற்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை.

கிரானுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, நாளைய அப்பத்துக்கு மா கரைத்துக்கொண்டிருந்தா. கையை எடுக்காமலே கேட்டா: "அங்க கள்ளுக் கிடைக்குமா மனே, மா புளிக்க?"

யூலை 14, திங்கள்

நித்திரை இல்லை. கணக்குக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தங்கச்சிக்குக் கட்டுகிற வீடு லிண்டல் மட்டத்தில், கதவு ஜன்னலுக்கு மேல் வைக்கிற கொங்கிறீற்றோடு நிற்கிறது. இரண்டு வருசமாக அப்படியேதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு; கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணப் பேச்சே நிமிரும். அப்பா மேசன். 2010க்குப் பிறகு பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின காலத்தில் அவர் சுவர் வைத்த கட்டடம் ஒன்றில்தான் நான் இப்போது அப்பம் சுடுகிறேன். தன் பிள்ளையின் வீட்டுக்கு லிண்டலோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

இங்கே சீசன் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை. அதற்குப் பிறகு மழை, வெறும் அறைகள், கட்டாய லீவு. அதையும் சகிக்கலாம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆள் வரவு நின்றது. பிறகு கொரோனா. மாலைதீவு 2020 யூலை 15இல் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. நாங்கள் திறக்க 2021 தை ஆனது. பிறகு 2022, பெற்றோல் வரிசை. மூன்று வருசத்தில் மூன்று அடி. அங்கே போனவன் கெட்டிக்காரன் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன், கொஞ்சம் குறைவாக.

யூலை 19, சனி

ஓட்டமாவடிக்குப் போனேன். என்னோடு ஒரே வகுப்பில் என்.வி.கியூ. தொழிற்தகைமை நான்காம் மட்டம் முடித்த கூட்டாளி லீவில் வந்திருக்கிறான். இரண்டு வருசம் மாலைதீவில். அவனுடைய உம்மா தேத்தண்ணியும் வட்டிலப்பமும் தந்தா.

படங்களில் நீலத்தண்ணியும் மரப்பாலமும்தான் வரும். அவன் தன் போனில் காட்டியது வேறு: தீவின் நடுவில் பற்றைக்குப் பின்னால் ஜெனரேற்றர், கடல்தண்ணியை நல்லதண்ணியாக்கும் மெசின், அதை ஒட்டி ஊழியர் விடுதி. ஓர் அறைக்கு நாலு பேர், இரட்டைத்தட்டுக் கட்டில். கட்டில் காலில் பெயர் எழுதி ஒட்டின தண்ணிப் போத்தல். "தீவைச் சுத்தி நடக்க பதினஞ்சு நிமிசம் மச்சான். ஆனா விருந்தாளிர கரையில நடக்க ஏலா. அப்ப அஞ்சு நிமிசம்தான்."

ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல் என்பதுதான் அங்கே முறை. 1972இல் முதலாவது திறந்ததிலிருந்து பெரும்பாலும் அப்படித்தான். வெளியே கடை இல்லை, தெரு இல்லை. லீவு நாளில் தலைநகர் மாலேக்குப் போவதென்றால் படகு கிடைக்கும் தூரத்தில் தீவு இருக்கவேண்டும். தூரத் தீவென்றால் கடல்விமானம்.

காசைப் பற்றிக் கேட்டேன். பில்லில் குறைந்தது பத்து வீதம் சேர்விஸ் சார்ஜ் எடுத்து ஊழியருக்குப் பிரிக்கவேண்டும் என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. அவன் வங்கிச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். மாசியில் 640 டொலர். ஆனியில் 210. "ஏஜென்டுமார் மாசிக் கணக்கத்தான் சொல்லுவானுகள். நீ ஆனிக் கணக்கப் போட்டுப் பாரு."

ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது. கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பொழுது பட்டால் அடுத்த நாள் விடியும் வரை தீவை விட்டு வெளிக்கிட ஏலாது. அவனுடைய வாப்பாவின் மவுத்துச் செய்தி வந்தது இரவு ஒன்பதுக்கு. ஜனாஸா அடக்கி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். சொல்லிவிட்டு வட்டிலப்பத்தை என் பக்கம் தள்ளினான்.

யூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

முதல் பஸ்ஸில் மட்டக்களப்புக்கு. மாமாங்கக் கோயில் தீர்த்தம். அமிர்தகழியில் குளத்தைச் சுற்றித் தலைதான் தெரிந்தது. அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்தேன். அவர் கண்மூடிய இரவு நான் டினர் ஷிஃப்டில் நின்றேன். செய்தி வந்து மோட்டார்சைக்கிளில் இருபது நிமிசத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். கை இன்னும் சூடாக இருந்தது. ஓட்டமாவடிக் கூட்டாளியின் ஒன்பது மணியை நினைத்துக்கொண்டு தண்ணியில் நின்றேன்.

வரும்போது ஜன்னலோரம் இருந்து யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. அவன் சொன்ன மாசிக்கும் ஆனிக்கும் காரணம் காற்று. நாங்கள் வாடை என்கிற வடகீழ்க் காற்றுக்கு அங்கே இருவை என்று பெயர். எங்களுக்கு மழையைக் கொட்டும் அதே காற்று அங்கே வானத்தை வெளிக்கவைக்கும். மார்கழியிலிருந்து சித்திரை வரை அவர்களுக்கு உச்ச சீசன். ஆக, காசு வரும் மாதங்களும் எங்கள் வெள்ள மாதங்களும் ஒன்று.

போன வருசம் கார்த்திகையில் தண்ணி வாசற்படியை மூடியது. நானும் தங்கச்சியும் கட்டிலுக்கு மேல் கட்டில் ஏற்றி, அதற்கு மேல் மா மூட்டையையும் தையல் மெசினையும் வைத்தோம். அம்மா அப்பச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேசையில் இருந்தா. மெசினின் இரும்புக்காலை நான் ஒருபக்கம், அவள் ஒருபக்கம். அவளால் தனியே தூக்க முடியாது.

இரவுச் சாப்பாட்டுக்குக் காத்தோட்டிக்காய். கசப்பு.

யூலை 30, புதன்

டவுனில் ஒரு ஏஜென்டுக்காரர். அவரிடம் விண்ணப்பிக்கவே இல்லை, ஆனாலும் மணந்து பிடித்துவிட்டார். மூன்றரை லட்சம் தந்தால் அடுத்த கிழமையே ஏற்றுவாராம். "சுற்றுலா விசாவில போங்க தம்பி, அங்க இறங்கினாத் தானாக் கிடைக்கும். பிறகு மாத்தலாம்."

தானாகக் கிடைப்பது உண்மை. இறங்கும் எவருக்கும் முப்பது நாள் கொடுக்கிறார்கள். ஆனால் அதில் வேலை செய்தால் களவு. பிடிபட்டால் அனுப்புவார்கள், அவர் மூன்றரை லட்சத்தைத் திருப்பித் தரமாட்டார். லைசன்ஸ் இலக்கம் கேட்டேன். தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போவதில்லை என்று முடிவு. சொந்தமாகத் தேடிய வேலை என்றாலும் பதியவேண்டும். அதோடு காப்புறுதியும் சேரும்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

முந்தாநாள் மாலைதீவு ஹோட்டலுக்கு எழுதினேன். ஒரே கேள்வி: வருடாந்த லீவை மார்கழியில் தரமுடியுமா? செஃப் சிரித்தார்: "சேருறதுக்கு முன்னமே லீவு கேட்ட முதல் ஆள் நீதான்."

பதில் அடுத்த நாளே வந்தது, மரியாதையாக. ஒரு வருசம் முடிந்ததும் 30 நாள் லீவு, ரிக்கட் அவர்கள் தருவார்கள். மார்கழி நடுவிலிருந்து தை நடு வரை எவருக்கும் லீவு இல்லை. வைகாசியிலிருந்து எப்போதும் எடுக்கலாம். வேலைக்குச் சேர வேண்டிய நாள் ஒக்டோபர் 15.

பொங்கல் இல்லை, வெள்ளத்துக்கு ஆள் இல்லை. கச்சான் காத்து வீசிக் கிணறு வற்றுகிற நேரத்தில் வந்து நிற்பேன். தங்கச்சியிடம் சொன்னேன். "நீங்க போங்கண்ணா, மெசின நான் மேசையிலயே வச்சுத் தைப்பன்" என்றாள். மேசைக்கு மேலேயும் தண்ணி வந்தால் என்று நான் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

அம்மாவுக்கு இந்த மாதம் சீட்டு விழுந்திருக்கிறது. இரண்டு லட்சம். மாமியிடம் வாங்கி, பேப்பரில் சுற்றியபடியே என் முன்னால் வைத்தா. ஏஜென்டுக்குக் கொடுக்க என்று நினைத்திருக்கிறா போல. தேவையில்லை என்றதும் முகம் மாறியது.

"அப்ப போகலயா?"

ஒக்டோபர் 15 என்றேன். கலண்டரைக் கிட்ட எடுத்து வைத்து விரலால் கோடு இழுத்தா. புரட்டாதி முடியிற கிழமை.

"புள்ளையார் சிலையெல்லாம் கொண்டுபோக விடமாட்டாங்களாம்மா" என்றேன், அவ சுவரில் இருந்ததைப் பார்த்ததைக் கண்டு. அந்த நாட்டுச் சுங்கத்தில் வழிபாட்டுச் சிலை கூடாது.

"அவர் இஞ்ச இரிக்கட்டும்," என்றா. பிறகு பேப்பர்ச் சுருளைத் திரும்பவும் என் பக்கம் தள்ளி, "நாலு வரி கல்லு ஏத்தி, தகரமெண்டாலும் போட்டுட்டுப் போ. அத்திவாரம் அப்பா உசத்தித்தான் வச்சவர். மழைக்கு நாங்க அங்க போயிருவம்."

அளந்து பார்த்தேன். எங்கள் வாசற்படியை விடப் புது வீட்டுத் தரை இரண்டரை அடி உயரம். இத்தனை நாளாக அந்தச் சுவரில் நான் லிண்டலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நாளைக்குக் காலை ஷிஃப்ட் முடிய வாழைச்சேனைக்குப் போய்க் கல்லு விலை கேட்கவேணும்.