யார் வீட்டுக்கு யார் போனது

ஐந்தாம் படிவம் வரை பெண்கள் பள்ளியில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவத்துக்காக மலேசியாவின் பினாங்கில் ஓர் ஆண்கள் பள்ளியில் சேர்ந்தவர்களுள் நானும் ஒருத்தி. அங்கே ஆறாம் படிவத்தில் மட்டும் பெண்களுக்கு இடம் உண்டு. எங்களுக்கென்று இருந்த ஒரே கழிவறை ஆசிரியர் அறைக்குப் பின்னால் இருந்தது. சபைகூடலில் பேசுகிறவர்கள் "பையன்களே" என்று தொடங்கி, எங்களைக் கண்டதும் திருத்திக்கொள்வார்கள். யாரும் எங்களை அவமதிக்கவில்லை; ஆயினும் படித்து முடிக்கும்வரை விருந்தாளிகளாகவே இருந்தோம்.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்காள் மகள் அமெரிக்கக் கல்லூரிகளைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தபோது, "சித்தி, வாஸர் பெண்கள் கல்லூரிதானே, அங்கே எப்படிப் பையன்கள் படிக்கிறார்கள்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் பழையதையெல்லாம் கிளறிவிட்டது.

மேத்யூ வாஸர் என்னும் பீர் ஆலை முதலாளி, நியூயார்க் மாநிலத்தின் பொகிப்சியில் 1861-இல் நிறுவிய கல்லூரி அது. (பீர் விற்ற காசில் பெண் கல்வியா என்று நம் பெரியவர்கள் முகம் சுளித்திருப்பார்கள்.) 1865-இல் 353 மாணவியரோடு வகுப்புகள் தொடங்கின. வால்வெள்ளி ஒன்றைக் கண்டறிந்து புகழ்பெற்றிருந்த மரியா மிட்செல் அங்கே வானியல் கற்பித்தார். தம்மைவிட இளைய ஆண் பேராசிரியர்களுக்குத் தம்மைவிட அதிகச் சம்பளம் என்று அறிந்ததும், உயர்வு கேட்டு வாங்கிய பெண்மணி அவர்.

நூறாண்டு கழித்துக் காலம் மாறியது. இருபாலரும் சேர்ந்து படிக்கும் இடங்களையே பெண்கள் நாடத் தொடங்கினார்கள். வார இறுதியில் மாணவியர் ஆண்கள் கல்லூரிகளுக்குப் புறப்பட்டுவிட, வாஸர் வளாகம் வெறிச்சோடியது. அப்போது, பொகிப்சியை விட்டு நியூ ஹேவனுக்கு இடம்பெயர்ந்து, அங்கே இளநிலையில் ஆண்களுக்கு மட்டுமே இடம் தந்த யேல் பல்கலைக்கழகத்தோடு இணைவதா என்று வாஸர் ஓராண்டு ஆராய்ந்தது. பணமும் பெயரும் யேலிடம் இருந்தன. ஆனால் 1967 நவம்பரில் அறங்காவலர்கள் அந்த யோசனையை மறுத்து, சொந்த மண்ணிலேயே இருப்பதென்று முடிவெடுத்தார்கள். 1969-இல் வாஸர் தன் வாசலை ஆண்களுக்குத் திறந்துவிட்டது.

அதே 1969-இல் யேலும் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஆண்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை என்னும் உறுதியோடு. இரண்டையும் 'இருபாலர் கல்வி' என்னும் ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். யேலுக்குப் போன பெண்கள், நான் ஆறாம் படிவத்தில் இருந்ததைப்போலப் பிறர் வீட்டில் இடம் தேடியவர்கள். வாஸருக்கு வந்த ஆண்களோ, பெண்களுக்காகவே கட்டி, பெண்களே நூறாண்டுக் காலம் ஆண்டு அனுபவித்த வீட்டுக்குள் நுழைந்தவர்கள். யேலோடு போயிருந்தால் வாஸர் பெண்களும் விருந்தாளிகளாகியிருப்பார்கள் என்பதே என் எண்ணம். இன்று அங்கே படிக்கும் ஏறத்தாழ 2,400 பேரிலும் பெண்களே அதிகம்.

எல்லாக் கல்லூரிகளும் அந்த வழியில் போகவில்லை என்பதையும் அக்காள் மகளிடம் சொன்னேன். வாஸரோடு சேர்த்து 'ஏழு சகோதரிகள்' என்று பேசப்பட்ட கல்லூரிகளில் ஸ்மித், வெல்லெஸ்லி போன்றவை இன்றும் மகளிர் கல்லூரிகளாகவே இருக்கின்றன. அவள் சற்று யோசித்துவிட்டு, பட்டியலில் வாஸருக்குக் கீழே ஸ்மித்தையும் எழுதிக்கொண்டாள். அதுவரை சமையலறையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த அக்கா, கையைத் துடைத்தபடி வந்து, இரண்டில் எதற்குக் கட்டணம் குறைவு என்று கேட்டாள்.