பெரிய கோயில் விமானத்தை அளவுப்படி வரைதல்: உபபீடம் முதல் சிகரம் வரை

தஞ்சைப் பெரிய கோயிலான இராசராசேச்சுரத்தின் விமானத்தை, அதாவது கருவறையும் அதன் மேல் அடுக்கடுக்காக உயரும் கட்டுமானமும் சேர்ந்த பகுதியை, ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவில் பென்சில் கோட்டோவியமாக வரைந்து வருகிறேன். ஏறத்தாழ 60 மீட்டர் உயரமும் அடியில் சுமார் 30 மீட்டர் அகலமும் கொண்ட கட்டடம் என்பதால், ஏ1 தாளை நெடுக்காக வைத்தால் ஓரங்களில் குறிப்பெழுதவும் இடம் கிடைக்கிறது. கிழக்கே மண்டபங்கள் மறைக்கின்றன. ஆகவே எதுவும் வந்து ஒட்டாத மேற்கு முகத்தைத் தேர்ந்துகொண்டேன்.

முதலில் நடுக்கோடு. பிறகு கீழிருந்து மேலாக, அடிமேடையான உபபீடம், அதன் மேல் ஜகதி என்னும் பட்டை, உருண்டு திரண்ட குமுதம், யாளி என்னும் கற்பனை விலங்குகளின் வரி. தாளில் இவை ஒவ்வொன்றும் மிகச் சிறிதாகவே வரும் என்பதால், அதிட்டானம் எனப்படும் இந்த அடித்தளத்தை மட்டும் தனித்தாளில் பெரிதாக வரைய வேண்டியிருந்தது. குமுதத்தின் வளைவின் மீதே கல்வெட்டு வரிகள் ஓடுகின்றன. வளைவின் மேற்பாதி எழுத்துகள் வானை நோக்கியும் கீழ்ப்பாதி எழுத்துகள் தரையை நோக்கியும் சாய்ந்திருந்தும், உளியின் ஆழம் எங்கும் மாறவில்லை. தான் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் கல்லில் வெட்டச் சொன்ன இராசராசனின் ஆணை இக்கோயிலில்தான் இருக்கிறது. தெய்வத்தைத் தாங்கும் பீடமே அதன் சொத்துக் கணக்கையும் தாங்கி நிற்பதை இத்தனை தெளிவாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

சுவர்ப்பகுதி இரண்டு நிலைகளாகச் செங்குத்தாக எழுகிறது. கீழ்நிலைக் கோட்டங்களில் (சிற்பம் வைக்கும் மாடங்களில்) சிவனின் பல்வேறு மூர்த்தங்கள் இருக்க, மேல்நிலையில் வில்லேந்திய திரிபுராந்தகர் திரும்பத் திரும்ப வருகிறார். போர்வேந்தன் ஒருவன் எழுப்பிய கோயிலில் முப்புரம் எரித்தவரின் வடிவம் இப்படி அடுக்கப்பட்டிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுவர் ஏன் இரண்டு நிலை என்பது வெளித்தோற்றத்தை வரைந்தபோது விளங்கவில்லை. குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தபோதுதான் விளங்கியது. கருவறைச் சுவருக்கும் புறச்சுவருக்கும் நடுவே ஒரு சுற்றுப்பாதை, அதற்கு மேல் இன்னொன்று. கீழ்ப்பாதையில் 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களும், மேற்பாதையில் கரணங்கள் எனப்படும் 108 நடன நிலைகளில் செதுக்கி முடிக்கப்பட்ட 81-உம் உள்ளன. எஞ்சிய 27-க்கான கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. இந்த இரு சுவர்களும் மேலே, கல்லைக் கல் சற்றே முன்தள்ளி அடுக்கும் முறையில் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கி இணைகின்றன. உள்ளே வெற்றிடமாக இருக்கும் மேற்கட்டுமானத்தின் பாரம் அந்த இணைப்பின் வழியாக இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது. வழிபாட்டுக்குரிய சுற்றுப்பாதையும் பாரத்தைத் தாங்கும் உபாயமும் ஒரே தீர்வாக அமைந்திருப்பதே இவ்விமானத்தின் ஆகச் சிறந்த சிந்தனை என்பேன்.

மேலே குறுகிச் செல்லும் 13 தளங்களில் மூலைக்குக் கூடம், நடுவே நீள்வடிவச் சாலை, இடையிடையே பஞ்சரம் என்ற ஒழுங்கு தொடர்கிறது. இவை ஒவ்வொன்றும் தனக்கெனக் கூரையும் தூபி என்னும் உச்சிமுடியும் உடைய சிறு கோயில் வடிவம். இறைவன் உறையும் மலையில் தேவர்களுக்கும் இருப்பிடம் வேண்டுமல்லவா? தெற்கின் மேரு மலை என்று பொருள்படும் தட்சிணமேரு என்ற இவ்விமானத்தின் பெயரைக் கல்லில் மெய்ப்பிக்கும் பகுதி இது. வரைபவனுக்கோ பொறுமையைச் சோதிக்கும் பகுதி. ஒரு பாதியை வரைந்து, மறுபாதியைத் தடத்தாளால் பிரதியெடுத்தேன்.

கழுத்துப்பகுதியில் சதுரம் எண்கோணமாக மாறுகிறது. மூலைக்கு இரண்டாக எட்டு நந்திகள் அமர்ந்துள்ளன. அதற்கு மேல் உள்ள குவிந்த முடியான சிகரம் ஒரே கல் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. அது பல கற்களை இணைத்துச் செய்யப்பட்டது என்பதால் இணைப்புக் கோடுகளையும் மெல்லிய பென்சிலால் காட்டியிருக்கிறேன். உச்சியில் வைப்பதற்குப் பொன் வேய்ந்த செப்புக்குடத்தை இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் கொடுத்தான். குடமுழுக்கின்போது விமானத்தின் கலசத்திலும் புனிதநீர் வார்க்கப்படுவது, அக்கட்டடமே இறைவனின் திருமேனி என்பதால்தான். 2020 பிப்ரவரி 5 அன்றும் இங்கு அவ்வாறே நடந்தது.

கோட்டச் சிற்பங்களை இப்போதைக்குப் புறக்கோடுகளாக மட்டும் விட்டிருக்கிறேன். அடுத்துக் கும்பபஞ்சரங்களை (குடத்திலிருந்து எழுவதுபோன்ற சுவர் அலங்காரங்களை) முடித்துவிட்டு, பென்சில் கோடுகளின் மீது மை ஏற்றத் தொடங்குவேன்.