சித்தியின் அருவாமனை

காசிமேட்டில் மீன் வெட்டும் சித்திக்காக அருவாமனையில் ஒரு மாற்றம் செய்தேன். தண்டையார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு அது அரை நாள் வேலை. இப்போது வஞ்சிரத்தை அழுத்தி நறுக்கினாலும் பலகை வழுக்குவதில்லை. சித்தியின் கட்டைவிரலில் பிளாஸ்திரியும் இல்லை.

"வீடியோ போட்டு வித்துடு மாமா" என்றான் அக்கா பையன். நல்லவேளை, போடவில்லை. காப்புரிமைக்கு (பேட்டன்ட்) விண்ணப்பிக்கும் முன்பே நாமே ஊருக்குக் காட்டிவிட்டால் 'புதுமை' போச்சு. தொழில் தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாத மாற்றமாகவும் இருக்க வேண்டும். அங்கேதான் எனக்குக் கொஞ்சம் உதறல்.

அருவாமனை யார் சொத்தும் இல்லை, தப்பித்தேன். அடுத்தவர் காப்புரிமை நடப்பில் இருக்கும் பொருள் என்றால், என் மாற்றத்துக்குத் தனியாகக் காப்புரிமை வாங்கினாலும் அவர் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

சரி, கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு ஆன்லைனில் தற்காலிக விண்ணப்பம் போட்டாச்சு. தனிநபருக்கு 1,600 ரூபாய். முழு விவரம் கொடுக்க 12 மாதம். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்.

சித்தியிடம் சொன்னேன். "அருவாமனைக்கு இன்னாடா பத்திரம்? பக்கத்துக் கடை ஆயாவுக்கும் ஒண்ணு செஞ்சு குடு."

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேணுமாம்.