ரீசெட் பட்டனுக்கு முன்னால்

எங்கள் பார்க் காலை பத்து மணிக்குத் திறக்கும். மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு வேலை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இடம் என்பதால் விடியற்காலையில் ரோலர் கோஸ்டர் ட்ராக் முழுக்க ஈரம் பூத்திருக்கும். தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். உயரத்தையும் வேகத்தையும் பார்த்துத்தான் மக்கள் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் அந்த உப்புக்காற்றிடம். பெயின்ட் லேசாக உரிந்த இடத்தில் நுழைந்துகொண்டு, வெளியே தெரியாமல் உள்ளே தின்னும்.

ஐடிஐயில் ஃபிட்டர் முடித்துவிட்டுச் சேர்ந்தவன் நான். முதல் நாள் எங்கள் சீனியர் கையில் ஸ்பேனர் கொடுப்பார் என்று நினைத்தேன். டார்ச் லைட்டும் ஒரு பழைய துணியும் கொடுத்தார். "மூணு மாசம் கண்ணால பாரு தம்பி. கை வேலை அப்புறம்" என்றார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்.

பார்ப்பது என்றால் என்ன என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். ட்ராக்கின் ஒவ்வொரு இணைப்பிலும் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) வைத்து முறுக்கிய பிறகு, நட்டிலிருந்து இரும்புத் தகடுவரை மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று இழுப்பார்கள். நட்டு அசைந்தால் கோடு உடையும். அதற்காகத்தான் அந்தக் கோடு. ஒரு நாள் நான் "எல்லாம் சரியா இருக்குண்ணே" என்று இறங்கி வந்த இடத்துக்கு அவர் மறுபடி ஏறிப்போய் என்னைக் கூப்பிட்டார். ஒரு கோடு நெல்மணி அளவுக்கு விலகியிருந்தது. அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்து, விரலை அந்த விலகலின் மேல் வைத்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல வருடம் அந்த விரலால்தான் ட்ராக்கைப் பார்த்தேன்.

வெல்டிங்கில் விரிசல் தேடுவது இன்னும் பொறுமையான வேலை. இடத்தைப் பளிச்சென்று துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, அது ஊறும்வரை காத்திருந்து, மேலே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் போன சாயம் மெல்ல மேலே ஊறி, வெள்ளையில் தலைமுடி போல ஒரு சிவப்புக் கோடாக வரும். நான் அதை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், ஒரு பெட்டியின் அடிச்சட்டத்தில். அன்றைக்கு ரைடைத் திறக்கவில்லை.

ரயிலுக்கு ஒவ்வொரு மூலையிலும் மூன்று விதமான வீல்கள் உண்டு: தண்டவாளத்தின் மேலே ஓடுவது, பக்கவாட்டில் அணைத்துப் பிடிப்பது, அடியில் கவ்வியிருப்பது. மேட்டைத் தாண்டும்போது வயிற்றில் ஒரு வெறுமை தோன்றுகிறதே, அந்த நேரத்தில் மேல் வீலுக்குப் பெரிதாக வேலை இருக்காது. ரயில் பறந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது அடி வீல்தான். அமெரிக்காவில் ஜான் மில்லர் என்பவர் 1919இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வீல் வந்த பிறகுதான் செங்குத்தான இறக்கங்களைத் தைரியமாகக் கட்ட முடிந்தது.

மேலே ஏறும்போது கேட்கும் 'டக் டக் டக்' சத்தத்தைச் செயினின் சத்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செயின் அறுந்தாலும் ரயில் பின்னால் சரியாமல் இருக்க, ரயிலின் அடியில் உள்ள கொக்கி படிப்படியான பற்களின் மேல் விழுந்து எழும் சத்தம் அது. 1972 மே மாதம் லண்டன் பேட்டர்சீ பூங்காவில் இழுவைக் கயிற்றிலிருந்து ரயில் கழன்று பின்னால் உருண்டபோது இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஐந்து குழந்தைகள் இறந்துபோனார்கள். தினமும் காலையில் ஆளில்லாமல் ஓட்டும் முதல் ரவுண்டில் செயின் ரயிலை மேலே இழுக்கும் அந்த ஏற்றத்துக்கு, லிஃப்ட் என்போம், அடியில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். ஒரு 'டக்' சோர்ந்து விழுந்தாலும் கையைத் தூக்கிவிடுவார்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. நான் தடுமாறியது வேறு இடத்தில்.

மே மாத ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணி இருக்கும். கியூ டிக்கெட் கவுன்ட்டர்வரை நின்றது. லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்த ரயில் பாதியில் நின்றுவிட்டது. ட்ராக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்று வைத்திருப்பார்கள். முன்னால் உள்ள பகுதி காலியாகவில்லை என்று சென்சார் சொன்னால் பின்னால் வரும் ரயில் தானாகவே நின்றுவிடும். பேனலில் அந்த விளக்குதான் எரிந்தது. ஆனால் இன்னொரு ரயில் ஸ்டேஷனில், என் கண் முன்னால் நிற்கிறது. இருப்பதே இரண்டு ரயில். அந்த வாரத்தில் அதே சென்சார் இரண்டு தடவை பொய் சொல்லியிருந்தது. மேலதிகாரி போனில், "லைனைப் பாத்தியா? சீக்கிரம் எடுப்பா" என்றார். என் விரல், அந்த எச்சரிக்கையை நீக்கி ரயிலை மறுபடி ஓடவிடும் ரீசெட் பட்டன்மேல் இருந்தது.

"போய்ப் பாத்தியா?" பின்னாலிருந்து அண்ணன் குரல்.

"ரெண்டு ரயிலும் இங்கதானேண்ணே இருக்கு."

"நான் அதைக் கேக்கல. போய்ப் பாத்தியான்னு கேட்டேன்."

லிஃப்டில் நின்றவர்களை ஒவ்வொருவராக லாக் திறந்து, கையைப் பிடித்துப் படிவழியே இறக்கினோம். ஒரு சின்னப் பையன் கடைசிப் படிவரை என் சட்டையை விடவில்லை. பிறகு பவரை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு மேலே போனேன். அந்தப் பகுதியில் ரயில் இல்லை. சென்சார் சொன்னது பொய்தான். ஆனால் சென்சாரைத் தாங்கும் பிராக்கெட்டில் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று இல்லை. இன்னொன்று பாதி கழன்று, பிராக்கெட் ரயில் போகும் வழியை நோக்கிச் சாய்ந்திருந்தது. அடுத்த ரவுண்டில் பெட்டிக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளிகூட இருந்திருக்காது. இறங்கி வரும்போது எனக்குக் கால் நடுங்கியது.

அடுத்த வருடம், 2015 ஜூன் 2ஆம் தேதி, இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் தீம் பார்க்கில் ஸ்மைலர் என்ற ரோலர் கோஸ்டரைக் கம்ப்யூட்டர் இப்படித்தான் நிறுத்தியது. முன்னால் ஒரு காலி ரயில் ட்ராக்கில் சிக்கி நின்றது பொறியாளர்களுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்கிறது என்று நினைத்து, அதை மீறி ஓட்டினார்கள். ஆட்கள் இருந்த ரயில் அந்தக் காலி ரயிலில் மோதி 16 பேர் காயமடைந்தார்கள். இரண்டு இளம்பெண்களுக்குத் தலா ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. நிறுவனத்துக்கு 2016இல் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார்கள். தவறு அந்தப் பொறியாளர்களுடையது அல்ல, அவர்களுக்குச் சரியான நடைமுறை வகுத்துத் தராத நிறுவனத்துடையது என்றது விசாரணை. அதைப் படித்தபோது நான் அந்தப் பொறியாளர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்த பட்டன் எவ்வளவு அருகில் இருக்கும், கியூவின் சத்தம் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பின்னால் ஒரு குரல் இல்லாமல் போயிற்று.

அந்த ஞாயிறு வரை நாங்கள் ட்ராக் போல்ட்டுகளுக்கு மட்டும்தான் பெயின்ட் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். மறுநாள் ஐந்தரைக்கு நான் போனபோது அண்ணன் ஏற்கெனவே வந்திருந்தார். கையில் மஞ்சள் பெயின்ட் டப்பாவும் குழந்தைகள் வரையும் சின்ன பிரஷும். சென்சார் பிராக்கெட்டுகள் எல்லாவற்றுக்கும் கோடு போட்டு முடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. அவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். பிரஷை என்னிடம் கொடுத்திருந்தார்.