அப்பாவின் பக்கத்தில் கடை விரித்தவர்கள்

தை அறுவடை நடுவில் அப்பா தவறினார். திருவையாற்றில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த இரவு, கண்ணீர் அஞ்சலிப் படத்தை அவருடைய சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டேன். விடிவதற்குள் இருநூறு பேர் ஆறுதல் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தால் நடுநடுவே ஆயுள் காப்பீடு, திதி கொடுக்கப் புரோகிதர், மாலை போட்ட போட்டோ ஃபிரேம். வாசலில் பந்தல் பிரிக்கவில்லை, அதற்குள் கடை விரித்துவிட்டார்கள். நாம் அழுதபடி எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறோமோ அவ்வளவு விளம்பரம், அவ்வளவு காசு. இழவு வீட்டுக்கு வருபவர்களிடம் வசூல் செய்வதாகத்தான் எனக்குப் படுகிறது.

சித்திரையில் அவருடைய பிறந்தநாள். குறுவை நாற்றங்காலில் முழங்கால் சேற்றோடு அவர் நிற்கும் படத்தின்மேல் பலூன்களைப் பறக்கவிட்டு, ‘வாழ்த்துச் சொல்லுங்கள்’ என்று அறிவிப்பு வந்தது. முதலில் பார்த்தது அம்மா. அன்று அவள் சாப்பிடவில்லை.

அன்றே அதை நினைவுப் பக்கமாக மாற்ற அந்த வலைத்தள நிறுவனத்திடம் விண்ணப்பித்தேன். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருந்ததால் சான்றிதழ் சிரமமில்லாமல் கிடைத்திருந்தது. சிக்கல் பெயரில். சான்றிதழில் இனிஷியலோடு இருக்கிறது. பக்கத்தில் அப்பா ஊர்ப்பெயரைச் சேர்த்து வைத்திருந்தார். பொருந்தவில்லை என்று இரண்டு முறை திருப்பினார்கள். இரண்டு முறையும் இயந்திரத்தின் பதில்தான். பேச ஒரு மனிதர் இல்லை. விளம்பரம் காட்ட அவரை அடையாளம் தெரிந்தவர்களுக்கு இதற்குத் தெரியவில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிய வாரிசுச் சான்றிதழையும் அவருடைய ஆதாரையும் சேர்த்து மூன்றாம் முறை அனுப்பினேன். ஆடி பிறந்தபிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு: இறந்தவரின் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள், ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். விண்ணப்பிக்குமுன் படங்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, நமக்குப்பின் நம் தரவுகளுக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்கும் உரிமையை வகுத்திருக்கிறது; அந்தப் பிரிவு நடைமுறைக்கு வருவது 2027 மே மாதம். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

பிறந்தநாள் அறிவிப்பு இனி வராது. விளம்பரம் நிற்கவில்லை. ராத்திரியில் அம்மா அந்த நாற்றங்கால் படத்தைத் திறந்து, கீழே வருவதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்க்கிறாள்.