கோபுரங்களுக்கு அடியில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரங்களுக்கு (ரப்பர் மரங்களுக்கு) நடுவே, ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே வகைக் கல்தான் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தைக் கட்டியவர்களுக்கும் தலைவலியாக இருந்திருக்கிறது. முன்பு குதிரைப் பந்தயத் திடலாக இருந்த அந்த நிலத்தைத் துளையிட்டுப் பார்த்தபோது, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் மென்மண்ணுமாக இருந்ததால், கோபுரங்களின் இடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தி, 100 மீட்டருக்கும் கீழே வரை அடித்தளத் தூண்களை இறக்கினார்கள். 88 மாடிகளின் அழகைப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

சீசர் பெல்லியின் வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது, 41, 42ஆம் மாடிகளில் உள்ள பாலம். காற்றில் கோபுரங்கள் தனித்தனியே அசைவதற்கு இடம் கொடுத்து, அதன் முனைகள் இறுகப் பூட்டப்படாமல் சறுக்கும்படி அமைந்துள்ளன. அங்கே நின்றபோது எனக்கு உள்ளங்கால் கூசியது உண்மை.