சொப்ட்வெயார் கொம்பனில மூண்டு மாசம், சம்மாந்துறை மில்லில ஒரு நாள்

தேர்ட் இயர் முடியிற நேரம் எல்லாருக்கும் வாற கேள்விதான் எனக்கும் வந்திச்சு, இண்டர்ன்ஷிப் எங்க செய்யிற எண்டு. நான் வந்தாறுமூலைல, கிழக்குப் பல்கலைக்கழகத்தில பிபிஏ (வணிக நிர்வாகம்) படிக்கிறன். எங்கட பெட்ச்ல முக்கால்வாசிப் பேர் பேங்க், லீசிங், ஒடிட் எண்டு போக, நான் மட்டக்களப்பு டவுணுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன சொப்ட்வெயார் கொம்பனிக்குப் போனன். ஜூன்ல இருந்து ஓகஸ்ட் வரைக்கும் மூண்டு மாசம். ஜூனியர் பிள்ளைகள் கனபேர் "அக்கா, கோடிங் தெரியாம அங்க போய் என்ன செய்த நீங்க, என்ன கிடைச்ச" எண்டு கேக்கிறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வொய்ஸ் அனுப்பிக் களைச்சுப் போனன், அதால நடந்தத நடந்த மாதிரியே எழுதுறன், கொஞ்சம் நீளும்.

முதல்ல இடம் தேடின கதை. கொழும்புல பதினொரு இடத்துக்கு சீவி அனுப்பினன், பதில் வந்தது ரெண்டு. ஒண்டு, ஐடி படிச்ச ஆக்களத்தான் எடுக்கிறம் எண்டு. மற்றதில இண்டர்வியூவுக்கு வரச் சொன்னாங்க, நான் இரவு ட்ரெயினில ஏறி விடிய கோட்டைல இறங்கி, ஸ்டேஷன்லயே முகம் கழுவி உடுப்பு மாத்திப் போனா, அந்த இடம் போன கிழமையே நிரம்பிட்டு எண்டு வாசல்ல வச்சே சொல்லிட்டாங்க. திரும்பி வரக்குள்ள பொலன்னறுவை தாண்டுற வரைக்கும் நான் ஒருத்தரோடயும் கதைக்கல்ல. ஒரு கோல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரத்தில இருந்து ஒரு பிள்ளைய வரவைக்கிறது சின்ன விஷயமில்ல, அம்மா ட்ரெயின் காசுக்கு ஆரிட்டக் கேட்டா எண்டு எனக்குத் தெரியும்.

மறுகா ஒரு சீனியர் அக்காதான் என்ட சீவிய வாங்கிப் பார்த்திட்டு, "இதில நீ எங்க இருக்காய்?" எண்டு கேட்டா. டீம் பிளேயர், ஹார்ட் வேர்க்கிங், லீடர்ஷிப் எண்டு இருந்ததெல்லாத்தையும் வெட்டச் சொன்னா. ஏஎல் முடிச்சு கெம்பஸ் கிடைக்கிற வரைக்கும் நான் களுவாஞ்சிகுடில மாமாட கடைல கணக்குப் பார்த்தன், அத எழுதச் சொன்னா. எனக்கு அது ஒரு வேலை எண்டே அதுவரைக்கும் தோணினதில்ல. கடன் கொப்பில இருந்த 140 பேரையும் எக்செலுக்கு மாத்தி, ஆர் எவ்வளவு தரணும், கடைசியா எப்ப கட்டினவங்க எண்டு ஒரு சீட் செய்து குடுத்திருந்தன், அத ரெண்டு வரில எழுதினன். டவுண் கொம்பனில அந்த ரெண்டு வரியப் பத்தித்தான் கேட்டாங்க, மிச்சத்த ஒருத்தரும் பார்க்கவே இல்ல.

இண்டர்வியூல ரெண்டு பேர், ஓனரும் டெவலப்மெண்ட் பார்க்கிற காத்தான்குடி நானா (முஸ்லிம் அண்ணன்மார நாங்க அப்படித்தான் கூப்பிடுற) ஒராளும். கடை, ஹார்ட்வெயார், ஃபார்மசி, மில் இப்படியான இடங்களுக்கு பில்லிங், ஸ்டொக், பேரோல் (சம்பளக் கணக்கு) சொப்ட்வெயார் செய்து குடுக்கிறதுதான் அவங்கட வேலை. ஓனர் கேட்ட முதல் கேள்வி, "உங்கட மாமா எங்கட பில்லிங் சிஸ்டத்த வாங்குவாரா?" நான் முதல் நாள் ராத்திரி அவங்கட டெமோ வீடியோ மூண்டு தரம் பார்த்திட்டுப் போனதால (நீங்களும் பார்த்திட்டுப் போங்க) துணிஞ்சு இல்ல எண்டு சொன்னன். ஏன் எண்டார். மாமாட கடைல பாதிப் பேர் வேளாண்மைக்காரர், வெட்டு, அதான் அறுவடை, முடிஞ்சாத்தான் காசு வரும், உங்கட சிஸ்டத்தில கடன் எண்டு போட்டா முப்பது நாள் தாண்டினதும் பேர் சிவப்பில வருது, நாலு மாசம் எல்லாற்ற பேரும் சிவப்பாத்தான் இருக்கும், அப்ப உண்மையாவே தராம விடப்போறவர் ஆர் எண்டு மாமாவுக்குத் தெரியாமப் போகும், கொப்பில எண்டா அது அவருக்குத் தெரியும் எண்டன். நானா ஒண்டும் சொல்லாம கொப்பிய எடுத்து எழுதினார். அடுத்த திங்கள் வாங்க எண்டாங்க.

முதல் ரெண்டு கிழமை கஷ்டம். கச்சான் காத்து அடிக்கிற காலம், களுவாஞ்சிகுடில இருந்து பஸ்ஸில வந்து இறங்கி ஒபிசுக்கு நடக்கிற தூரத்திலயே முகம் காய்ஞ்சு போகும். காலைல எல்லாரும் வட்டமா நிண்டு பத்து நிமிஷம் கதைப்பாங்க, நேத்து என்ன செய்த, இண்டைக்கு என்ன செய்யப்போற, எதில மாட்டி நிக்கிற. ஸ்பிரிண்ட், டிக்கெட், ஸ்டேஜிங், ஏபிஐ எண்டு அவங்க கதைக்கிறதில பாதி விளங்காது, விளங்காத சொல்ல கொப்பிட கடைசிப் பக்கத்தில எழுதி வச்சு சாப்பாட்டு நேரம் ஒவ்வொண்டாக் கேட்பன். ஒருத்தரும் முகம் சுளிக்கல்ல, அதுக்கு நான் அவங்களுக்கு நன்றி சொல்லணும்.

எனக்கு முதல்ல தந்தது பேரோல் டெஸ்டிங். பொய்யா ஒரு இருபது பேருக்குச் சம்பளம் போட்டு சரியா வருதா எண்டு பார்க்கிற வேலை. ரெண்டாவது நாள் பார்த்தா ஒவ்வொருத்தற்ற சம்பளத்திலயும் 11 வீதம் கழியுது. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எண்டா ஊழியர்ட்ட கழிக்கிறது 8 வீதம், முதலாளி போடுறது 12, ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளிட பக்கம், அத சம்பளத்தில கை வைக்கேலாது. கோட் எழுதின தம்பி அந்த 3 வீதத்தையும் ஊழியற்ற தலைல போட்டிருந்தார். பிபிஏ படிக்கிற எவருக்கும் இது தண்ணி பட்ட பாடு, ஆனா கோட் எழுதுற ஆளுக்கு இத ஆரும் சொல்லிக் குடுக்கல்ல. 40,000 ரூபா சம்பளக்காரருக்கு மாசம் 1,200 ரூபா சும்மா போயிருக்கும். அண்டைக்குத்தான் எனக்கு இஞ்ச ஒரு இடம் இருக்கு எண்டு விளங்கினது.

இனி மில் கதை. ஜூலைக் கடைசில சம்மாந்துறைல ஒரு மில்லில இருந்து ஒரே கோல், ஸ்டொக் பிழை, ஸ்டொக் பிழை எண்டு. நானா கோட மூண்டு தரம் பார்த்திட்டார், பிழை ஒண்டும் இல்ல. கடைசில நீயும் வா எண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கல்முனை தாண்டி காரைதீவுச் சந்தில திரும்பினா ரெண்டு பக்கமும் வயல், கல்லோயாத் தண்ணி வாறதால அந்தப் பக்கம் சிறுபோகமும் (வருஷத்தில ரெண்டாவது நெல் போகம்) நல்லா நடக்கும், அப்ப வெட்டுத் தொடங்குற நேரம்.

மில் ஹாஜியார் எங்களக் கண்டதும், "வாங்க மகள், இரிங்க. உங்கட மெஷின் சொல்ற கணக்குப்படி என்ட ஆக்கள் மாசாமாசம் நெல்லு களவெடுக்கிறாங்க. முப்பது வருஷமா எனக்கிட்ட வேலை செய்யிற மனிசர். நான் மெஷின நம்புறதா, அவங்கள நம்புறதா?" எண்டார். கோவமாச் சொல்லல்ல, அதுதான் எனக்கு நெஞ்சில குத்தினது.

நானா கொம்பியூட்டர்ல இருந்திட்டார். நான் கணக்கப்பிள்ளை ஐயாட்ட, லொறி உள்ள வாறதில இருந்து அரிசி வெளிய போற வரைக்கும் எல்லாத்தையும் எனக்கு ஒருக்கா நடந்து காட்டேலுமா எண்டு கேட்டன். அவர் தோளில துவாயப் போட்டுக்கொண்டு வாங்க புள்ள எண்டு எழும்பினார். தராசுல லொறியோட நிறுத்து, பிறகு வெறும் லொறிய நிறுத்து எடை எடுப்பாங்க. ஒரு கை நெல்ல மீட்டர்ல போட்டு ஈரம் பார்ப்பாங்க. அண்டைக்கு வந்த நெல்லு 20 வீதம் காட்டினது. பிறகு காய வைக்கிறது, ஊற வைக்கிறது, அவிக்கிறது, திரும்பவும் காய வைக்கிறது, குத்துறது. ஒரு பக்கம் உமி மலை மாதிரி, அதில பாதி அவங்கட அடுப்புக்கே போகும், மற்றத செங்கல் சூளைக்காரர் வந்து ஏத்துவாங்க. தவிடு கோழித் தீனிக்கு. குறுணல் தனியா மூடை கட்டி வச்சிருந்தாங்க. இதெல்லாத்தையும் நான் ஒரு தாளில கீறிக்கொண்டே போனன், ஒவ்வொரு இடத்திலயும் எவ்வளவு உள்ள போகுது எவ்வளவு வெளிய வருது எண்டு ஐயாட்டக் கேட்டுக் கேட்டு.

நீங்களே கணக்குப் பாருங்க. 100 கிலோ நெல்லு 20 வீத ஈரத்தில வந்தா அதில தண்ணி போக மிச்சம் 80 கிலோ. நெல்லு வச்சிருக்கணுமெண்டா ஈரம் 14 வீதத்துக்கு வரணும், நெல் சந்தைப்படுத்தல் சபை வாங்குறதும் அந்த அளவிலதான். 80ஐ 0.86 ஆல பிரிச்சா 93. குத்துறதுக்கு முதலே 7 கிலோ காத்தோட போயிட்டு, ஒருத்தரும் எடுக்கல்ல. காய்ஞ்ச நெல்லு 100 கிலோவக் குத்தினா அந்த மில்லில அரிசி 64, 65 கிலோ, உமி இருபது கிட்ட, தவிடு எட்டு, மிச்சம் குறுணலும் தூசியும். எங்கட சிஸ்டத்தில இருந்த கணக்கு என்ன எண்டா, ஹார்ட்வெயார் கடைக்கு எழுதின அதே கணக்கு. 100 மூடை சீமெந்து வந்தா 100 மூடை வித்தாகணும், குறைஞ்சா களவு. மற்ற மில்லுக்காரர் எல்லாரும் ஸ்டொக் கணக்க கையால மாத்தி மாத்தி அடிச்சுச் சமாளிச்சிருக்காங்க, இவர் மட்டும் நேர்மையா உள்ளத உள்ளபடி அடிச்சிருக்கார், அதால இவருக்கு மட்டும் பிழை.

செக்கண்ட் இயர்ல கிரயக் கணக்கீட்டில கூட்டு உற்பத்தி, உப உற்பத்தி, சாதாரண நட்டம், அசாதாரண நட்டம் எண்டு படிச்சம் ஞாபகமா? நாங்க படிக்கக்குள்ள எக்ஸ் எண்டு ஒரு திரவம், வை எண்டு ஒரு திரவம், எத்தனை லீற்றர் எண்டு இருக்கும், நான் அத அப்படியே பாடமாக்கி எழுதிப் பாஸ் பண்ணினவள். அந்த உமிக் குவியலுக்கு முன்னால நிக்கக்குள்ளதான் இதுதானே அது எண்டு பிடிபட்டது. ஈரத்தில போறதும் தூசில போறதும் சாதாரண நட்டம், அத முதலே எதிர்பார்த்து வைக்கணும். அதுக்கு மேல குறைஞ்சா மட்டும்தான் அசாதாரணம், அப்பதான் ஆரையும் கேள்வி கேக்கலாம். தவிடு வித்த காசு சும்மா "வேற வருமானம்" இல்ல, அரிசிட செலவில இருந்து கழிக்கணும், அப்பதான் ஒரு கிலோ அரிசிக்கு உண்மையா எவ்வளவு செலவு எண்டு தெரியும். இத நான் அந்தத் தாளிலயே கீறிக் காட்ட, நானா பத்து நிமிஷம் பார்த்திட்டு, "இத ஏன் ஒருத்தரும் எனக்கு முதல்லயே சொல்லல்ல" எண்டார். வாற வழில கார்லயே டிக்கெட் (சிஸ்டத்தில செய்யவேண்டிய மாத்தத்த எழுதுற குறிப்பு) எழுதினம். நெல்லு உள்ள வரக்குள்ள ஈரம் எத்தனை எண்டு போட ஒரு பெட்டி, ஒவ்வொரு குத்துக்கும் எதிர்பார்க்கிற அரிசி, உமியும் தவிடும் தனித்தனி ஸ்டொக்காக. ரெண்டு கிழமை ஸ்பிரிண்டில (ஒரு சுற்று வேலைக்கு ஒதுக்கிற காலம்) நானாவும் தம்பியும் செய்து முடிச்சாங்க, புதுசா வந்த ஒவ்வொரு பில்டையும் நான்தான் டெஸ்ட் பண்ணினன்.

ஓகஸ்ட் கடைசில வந்த கணக்கில வித்தியாசம் அரை வீதத்துக்குள்ள. ஹாஜியார் அந்தத் தாள பிரிண்ட் எடுத்து, மில்லில வேலை செய்யிற ஆக்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாராம். கணக்கப்பிள்ளை ஐயா போன்ல சொல்லக்குள்ள குரல் ஒரு மாதிரி இருந்திச்சு. எனக்கும் கண் கலங்கிட்டு.

அங்கயே இன்னொரு விஷயமும் கண்டுகொண்டன். எங்கட கொம்பனி மாசக் கட்டணம் வாங்குற. சொப்ட்வெயார் கொம்பனிகளுக்கு மாசாமாசம் வாற காசுதான் உயிர், அது எனக்கு விளங்கும். ஆனா மில்லுக்காரற்ற கைல காசு புழங்குறது வெட்டு முடிஞ்சாப் பிறகு, இடைல மாசம் பிந்தும், பிந்தினா எங்கட சிஸ்டம் தானா லொக் ஆகும், லொக் ஆனா அவங்க கோவத்தில விட்டிட்டுப் போவாங்க. பழைய கஸ்டமர் லிஸ்டப் பார்த்தா விட்டுப்போன மில்லுகள் கனக்க இப்படித்தான். வருஷக் கட்டணத்தப் பெரும்போக வெட்டுக்குப் பிறகு ஒண்டு, சிறுபோக வெட்டுக்குப் பிறகு ஒண்டு எண்டு ரெண்டாப் பிரிச்சு வாங்குவம் எண்டு ஓனருக்கு ஒரு பக்கத்தில எழுதிக் குடுத்தன். மில்லுகளுக்கு மட்டும் செய்து பார்ப்பம் எண்டு ஒத்துக்கொண்டார்.

மற்றபடி எஸ்கியூஎல்ல (டேட்டாபேஸோட கதைக்கிற மொழி) டேட்டா எடுக்கப் பழகினன், எக்செல்ல பிவட் டேபிள் கண்ண மூடிக்கொண்டு போடுவன், கஸ்டமருக்கு ஈமெயில் நாலு வரில எழுதப் பழகினன். இதெல்லாம் யூடியூப் பார்த்தும் பழகலாம்.

நல்லதில்லாததையும் சொல்லணும். தந்த காசு பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரி, வீட்டுக்குக் குடுக்க ஒண்டும் மிஞ்சல்ல. வீட்டில கஷ்டம் எண்டா போறதுக்கு முதல் அதக் கேட்டுக்கொள்ளுங்க, கேக்கிறதில வெக்கப்பட ஒண்டும் இல்ல. லொக் புக்க, செய்த வேலைய எழுதுற பதிவுக் கொப்பிய, கிழமைக்குக் கிழமை சைன் வாங்கி வச்சிருங்க, நான் ஆறு கிழமைய ஒண்டாச் சேர்த்து நிரப்பப் போய் ரெண்டு ராத்திரி நித்திரை இல்ல. கெம்பஸ் லெட்டரையும் வெள்ளன எடுங்க. சின்னக் கொம்பனி எண்டு யோசிக்காதீங்க, பெரிய இடத்தில நான் ஹாஜியாருக்கு முன்னால போய் இருந்திருக்கவே மாட்டன்.

கணக்கப்பிள்ளை ஐயா இன்னும் கொப்பிய விடல்ல. கொம்பியூட்டருக்குப் பக்கத்திலயே வச்சு ரெண்டிலயும் எழுதுறார். மாசக் கடைசில ரெண்டையும் பார்த்திட்டு எனக்கு ஒரு கோல் எடுப்பார், "புள்ள, இந்த முறையும் சரி வந்திட்டு" எண்டு.